108-ல் வந்த தங்கச்சி கேட்ட கேள்வி

நான் பத்தாவது வரை படித்தவள். குழுக் கூட்டத்தில் வரவு செலவு வாசிச்சிருக்கேன். மேடையில் பேசுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

மாட்டுக்கடன் வாங்கினதுக்காக எனக்கும் என் மாமியாருக்கும் ஒரு நாள் ராத்திரி பெரிய சண்டை. "உன் களி எனக்கு வேண்டாம்" என்று சொல்லி அத்தை படுத்துவிட்டார். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல போட்டுக்கொண்டார். வீட்டுக்காரர் சிப்காட்டில் நைட் ஷிப்ட். விடியற்காலை பார்த்தால் அத்தைக்கு உடம்பெல்லாம் வேர்வை, வாய் குழறுது, ஆளை அடையாளம் தெரியவில்லை. பக்கத்து வீட்டு பெரியம்மா காத்து கருப்பு என்றார். இன்னொருவர் காபியை வாயில் ஊற்றப் போனார்.

108-க்கு போன் போட்டேன். எங்க ஊர் எல்லையில் இருப்பதால் கர்நாடகா டவர் பிடிச்சுடுச்சு. அங்கேயும் அதே 108 தான். எடுத்தவர் கன்னடத்தில் பேசினார். வேறொருவர் போனில் மறுபடி போட்டபோதுதான் நம்ம பக்கம் கிடைத்தது. அதனால் எல்லை ஊர்க்காரங்க முதலில் மாநிலம், மாவட்டம், அப்புறம் ஊர், பக்கத்தில் உள்ள கோயிலோ பள்ளியோ சொல்லுங்க. ரோட்டில் ஒரு ஆளை நிறுத்துங்க.

தமிழ்நாட்டில் 108 வண்டி 2008 செப்டம்பரில் வந்தது. அது வெறும் வண்டி, தூக்கிப்போட்டு ஓடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்று வந்த மருத்துவ உதவியாளர் ஒரு சின்னப் பெண். இ.எம்.டி. என்று சொல்கிறார்கள். அந்தத் தங்கச்சி செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

உள்ளே வரும்போதே கேஸ் வாடை, கரண்ட் வயர் ஏதாவது இருக்கா என்று சுற்றிப் பார்த்தார். பிறகு "அம்மா, அம்மா" என்று தோளைத் தட்டினார். நோயாளி தானாக முழிச்சுப் பேசுறாரா, கூப்பிட்டால் திரும்புறாரா, வலிச்சால் மட்டும் அசையுறாரா, எதற்குமே அசையலையா என்று நாலு படி இருக்காம். அத்தை கூப்பிட்டால் முனகினார். அப்புறம் வாயில் ஏதாவது அடைச்சிருக்கா, நெஞ்சு ஏறி இறங்குதா, நாடி எப்படி, ரத்தம் கசியுதா என்று பார்த்தார். பெரியவங்களுக்கு மூச்சு நிமிஷத்துக்கு 12 முதல் 20, நாடி 60 முதல் 100 இருக்கணுமாம். விரலில் கிளிப் மாட்டினார், பிரஷர் பார்த்தார், விரலைக் குத்தி சர்க்கரை பார்த்தார். 42 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே குறைவாம்.

இதெல்லாம் சில நிமிஷத்தில் முடிந்தது. கூடவே கேள்வியும் கேட்டார். என்ன தொந்தரவு, எந்த மருந்தாவது ஒத்துக்காதா, என்ன மாத்திரை சாப்பிடுறாங்க, பழைய நோய் என்ன, கடைசியா எப்போ சாப்பிட்டாங்க, எப்படி ஆரம்பிச்சது.

"கடைசியா எப்போ சாப்பிட்டாங்க அக்கா?" என்றதும் எனக்கு வாய் வரவில்லை. வாசலில் பத்து பேர் நிற்கிறார்கள். மருமகள் பட்டினி போட்டாள் என்று ஊர் பேசுமே! "ராத்திரி சாப்பிட்டாங்க" என்று பொய் சொன்னேன். அந்தத் தங்கச்சி என் முகத்தைப் பார்த்தார். எல்லோரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, மெதுவாக மறுபடி அதையே கேட்டார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். மாத்திரை அட்டையையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. எழுதிக்கொண்டார். போனில் டாக்டரிடம் பேசி, நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் அத்தை கண் திறந்து என் பேரைச் சொன்னார்.

சரியாகிவிட்டதே, வீட்டிலேயே இருக்கட்டுமே என்றேன். "சில சர்க்கரை மாத்திரையோட வேகம் ரொம்ப நேரம் இருக்கும் அக்கா, மறுபடி இறங்கும்" என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், நான் சொன்னதை அப்படியே டாக்டரிடம் சொன்னார். அதைக் கேட்டு டாக்டர் ஒரு நாள் வைத்துப் பார்த்தார். அன்று ராத்திரி மறுபடியும் சர்க்கரை இறங்கியது. என் பொய்யை நம்பி உடனே அனுப்பியிருந்தால், அது வீட்டில் தூக்கத்தில் நடந்திருக்கும்.

அக்கா தங்கச்சிகளே, மெஷின் 42 என்று காட்டும். ஏன் 42 என்று வீட்டில் இருக்கும் பொம்பளைதான் சொல்லணும். சண்டை, பட்டினி, குடி, மருந்து குடிச்சது, கர்ப்பம், எதையும் அவரிடம் மறைக்காதீங்க. மானம் போகும் என்று பார்த்தால் உயிர் போகும். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணி, காபி, சர்க்கரை எதுவும் ஊற்றாதீங்க. மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க.

வீட்டுக்கே சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டு வரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் நம்ம மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. மாத்திரை வீடு தேடி வருது. அது என்ன மாத்திரை, எப்போ சாப்பிடணும் என்பதை நாமதான் தெரிஞ்சு வைக்கணும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பத்து நிமிஷம் ஒதுக்குங்க. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பேர், வயசு, நோய், மாத்திரை, ஒத்துக்காத மருந்து என்று ஒரு தாளில் எழுதி கதவுக்குப் பின்னால் ஒட்டுங்க. எழுதத் தெரியாதவங்களுக்கு ஊக்குநர் எழுதிக் கொடுக்கட்டும்.

என் அத்தை இப்போது இந்தக் கூட்டத்தில்தான், மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்கார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். அவரிடம் கேட்டுத்தான் இதைச் சொன்னேன்.