மூன்றாவது ஷிப்ட் எங்கே போயிற்று?

(இரவுப் பணியில் பாதுகாவலர்கள் குறித்துத் தொழிற்சங்க வகுப்பொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

நொய்டாவிலோ குருகிராமிலோ, குளிர்கால இரவு எட்டு மணிக்கு, ஏதேனும் ஒரு குடியிருப்பு வளாகத்தின் வாயிலில் ஆள் மாறும் காட்சியைக் காணலாம். பகல் முழுவதும் நின்றவர் பதிவேட்டையும் டார்ச் விளக்கையும் ஒப்படைக்கிறார். இரவுக்கு வந்தவர் கையெழுத்திடுகிறார். காலை எட்டு மணிவரை அந்த வாயில் இனி அவர் பொறுப்பு. பிகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தோ பிழைப்புத் தேடி வந்தவர் அவர். நான்கைந்து பேர் சேர்ந்து எடுத்த வாடகை அறையில் பகலில் அவர் உறங்கும் பாயில், இரவில் பகல் டூட்டிக்காரர் உறங்குவார். பாய் கூட இரண்டு ஷிப்ட் உழைக்கிறது.

ஒரு நாளுக்கு 24 மணி நேரம். எட்டு மணி நேர வேலை என்றால் மூன்று ஷிப்ட் இருக்கவேண்டும். அந்த வாயிலில் இருப்பதோ இரண்டு. மூன்றாவது ஷிப்ட் எங்கே போயிற்று? இன்றைய உரை இந்த ஒரு கேள்விக்கு விடை தேடுகிறது.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். ஒரு வாயிலை வாரம் முழுவதும் இடைவிடாது காக்க 168 மணி நேர உழைப்பு வேண்டும். ஒருவருக்கு வாரம் 48 மணி நேரம் என்றால், ஒரு வாயிலுக்கு மூன்றரைப் பேர் தேவை. நடைமுறையில் அங்கே நிற்பவர்கள் இரண்டு பேர்தான். வார விடுப்பு இல்லாவிட்டால் ஆளுக்கு 84 மணி நேரம். ஒன்றரை ஆளின் உழைப்பு இந்த இரண்டு பேரின் தோள்களில் ஏற்றப்பட்டிருக்கிறது. ரிலீவர் வராத நாளில் இரவு டூட்டி முடித்தவரே பகலையும் சேர்த்து 24 மணி நேரம் நிற்கிறார். விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போகும். கண் அயர்ந்தால் அபராதம். சீருடைக்கும் சம்பளத்திலேயே பிடித்தம்.

இதைச் சட்டம் அனுமதிக்கிறதா? இல்லை. குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் கீழ் 1950இல் வகுக்கப்பட்ட மத்திய விதிகள், நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்தையோ வாரத்துக்கு 48 மணி நேரத்தையோ தாண்டிய வேலைக்கு இரட்டிப்புக் கூலி தரவேண்டும் என்றன. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பும் இரட்டிப்புக் கூலியை நீக்கிவிடவில்லை. அதன்படி, 84 மணி நேரம் உழைத்தவருக்கு மிகையான 36 மணி நேரத்துக்கு 72 மணி நேரக் கூலி சேரவேண்டும். ஆக மொத்தம் 120 மணி நேரக் கூலி. வாரக்கூலியாக 48 மணி நேரத்துக்கானது மட்டும் கையில் வருமானால், ஐந்தில் மூன்று பங்கு பறிக்கப்படுகிறது. மூன்றாவது ஷிப்ட் போன இடம் இதுதான். ஒரு பகுதி ஏஜென்சியின் லாபமாகிறது. மறுபகுதி, மிகக் குறைந்த டெண்டருக்கே ஒப்பந்தம் தரும் வளாகத்துக்கும் வங்கிக்கும் ஆலைக்கும் மிச்சமாகிறது.

தோழர்களே, பறிபோவது கூலி மட்டுமன்று. மனித உடலுக்குள் பகலிரவுக்கு ஏற்ப இயங்கும் ஒரு கடிகாரம் உண்டு. அதன் இயக்கத்தைக் கண்டறிந்தவர்களுக்குத்தான் 2017இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரவு ஷிப்ட் வேலை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வகைப்படுத்தி, 2019இல் மீண்டும் உறுதிசெய்தது. இரவுப் பணியாளர்களுக்கு இலவச உடல்நலப் பரிசோதனை முதலிய பாதுகாப்புகளைக் கோரும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 171ஆவது உடன்படிக்கை 1990இல் நிறைவேறியது. இந்தியா அதனை ஏற்று உறுதி செய்யவில்லை.

வடஇந்தியக் குளிரில் காவலாளியின் துணை நெருப்புத்தான். சுள்ளியையும் குப்பையையும் கொளுத்தி அதைச் சுற்றிக் குந்துகிறார். கதவடைத்த சிறு அறைக்குள் கரியடுப்பை வைத்து உறங்கியவர்கள், நச்சுப்புகையால் விடியலில் பிணமாகக் கிடந்த செய்திகள் குளிர்காலந்தோறும் வருகின்றன. இப்போது தில்லி வட்டாரக் காற்று மாசுக் கட்டுப்பாட்டுச் செயல்திட்டம், குடியிருப்போர் சங்கங்கள் தம் காவலாளிகளுக்கு மின் வெப்பக் கருவி தரவேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் அந்த ஆணையின் காரணத்தைக் கவனியுங்கள். திறந்தவெளியில் குப்பை எரிவதைத் தடுக்கவே அது பிறந்தது. காவலாளி நடுங்கிய ஆண்டுகளில் எவரும் ஆணை பிறப்பிக்கவில்லை. அவர் மூட்டிய நெருப்பின் புகை மாடி வீடுகளை எட்டிய பிறகே பிறப்பித்தார்கள்.

மூலதனம் நூலின் முதல் தொகுதியில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், இரவு வேலைக்கென்றே ஒரு பகுதியை மார்க்ஸ் ஒதுக்கியிருக்கிறார். இயந்திரம் இரவில் சும்மா கிடப்பது முதலாளிக்கு இழப்பு. ஆகவே உழைப்பு இரவுக்கும் நீட்டிக்கப்படுகிறது என்பது அதன் சாரம். காவலாளி இயந்திரத்தை ஓட்டுவதில்லை. நின்றுபோன இயந்திரத்தையும் பூட்டிய கடையையும் உறங்கும் வீட்டையும் காக்கிறார். “சும்மா உட்கார்ந்திருக்கிற வேலைதானே” என்ற ஏளனம் இதிலிருந்தே பிறக்கிறது. உறங்க முடியாமல், நகர முடியாமல், நடந்தவற்றுக்கெல்லாம் பொறுப்பேற்று ஓரிடத்தில் கட்டுண்டு கிடக்கும் 12 மணி நேரமும் உழைப்பு நேரமே.

இந்த நிலை எப்படி உருவானது? 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், நிரந்தரத் தன்மையுள்ள வேலைகளில் ஒப்பந்த முறையைத் தடைசெய்யும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. அதன்படி 1976 டிசம்பர் 9 அன்று, மத்திய அரசின் அதிகார வரம்புக்கு உட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களில் கூட்டுதல், சுத்தம் செய்தல், தூசி தட்டுதல், காவல்காத்தல் ஆகிய வேலைகளில் ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டது. 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்சநீதிமன்றம் அந்த அறிவிக்கையைச் செல்லும் என்றது. அத்தொழிலாளர்களை நிறுவனமே ஏற்கவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ஐந்தே ஆண்டுகளில், 2001 ஆகஸ்ட் 30 அன்று, ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பைப் புரட்டிப்போட்டு, 1976 அறிவிக்கையையும் ரத்துசெய்தது. தாராளமயத்தின் காற்று நீதிமன்ற மண்டபங்களிலும் வீசிய காலம் அது.

எஞ்சியதை 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு செய்து முடித்தது. ஒரு நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்று அது சொல்கிறது. எவையெவை மையப் பணி ஆகா என்ற பட்டியலையும் உடனே தருகிறது. பாதுகாப்புச் சேவை உள்ளிட்ட காவல் பணி அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான எண்ணிக்கை வரம்பும் 20இலிருந்து 50ஆக உயர்த்தப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் இத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. 1976இல் ஒப்பந்த முறை கூடாது என்று விலக்கப்பட்ட அதே வேலை, இன்று ஒப்பந்தக்காரருக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

2019 மார்ச்சில், மக்களவைத் தேர்தலை ஒட்டி, பிரதமரும் அவருடைய அமைச்சர்களும் சமூக ஊடகங்களில் தம் பெயருக்கு முன்னால் ‘சௌகிதார்’ என்று சேர்த்துக்கொண்டார்கள். சௌகிதார் என்றால் காவலாளி. முடிவுகள் வெளியான நாளிலேயே பிரதமர் அச்சொல்லை நீக்கிவிட்டார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் உண்மையான சௌகிதார்களின் தலையில் இச்சட்டம் இறங்கியது. பெயரைக் கடன் வாங்கியவர்கள் வட்டியைக்கூடச் செலுத்தவில்லை.

மாற்று வழி இல்லையா? இருக்கிறது. சுமைதூக்கும் மாத்தாடித் தொழிலாளர்கள் போராடி 1969இல் மகாராஷ்டிரத்தில் ஒரு சட்டத்தைப் பெற்றார்கள். அதன் வழியில் 1981இல் தனியார் பாதுகாவலர்களுக்கும் அங்கே தனிச்சட்டம் வந்தது. அரசு, வேலையளிப்போர், தொழிலாளர் ஆகிய முத்தரப்பும் இடம்பெறும் வாரியத்தில் பாதுகாவலர் பதிவு பெறுகிறார். வேலையளிப்பவர் கூலியையும் நலத்திட்டங்களுக்கான தொகையையும் வாரியத்தில் செலுத்துகிறார். இடையில் தரகர் இல்லை. அச்சட்டத்திலும் விலக்களிக்கும் பிரிவு ஒன்று உண்டு. அந்த ஓட்டை வழியாக ஏஜென்சிகள் புகுந்தன. ஆயினும் ஏஜென்சி இல்லாமலே வாயில்களைக் காக்க முடியும் என்பதை அது மெய்ப்பித்திருக்கிறது. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், தனியார் ஏஜென்சிகளுக்கு உரிமம் வழங்குவதையும் காவலாளியின் தகுதியையும் பயிற்சியையும் பற்றியே பெரிதும் பேசுகிறது. அவருடைய ஓய்வைப் பற்றிய கவலை அதன் மையத்தில் இல்லை.

இங்கே தொழிற்சங்கங்கள் தம்மையும் பரிசீலித்துக்கொள்ள வேண்டும். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. தொழிலாளர் இயக்கம் கொதித்தெழுந்தது. மசோதா திரும்பப் பெறப்பட்டது. பெருமைக்குரிய வெற்றி. ஆனால் அந்நாட்களில் ஆலை வாயில்களில் முழங்கியவர்களுக்குப் பின்னால், கதவருகே ஒருவர் சீருடையில் நின்றிருந்தார். எந்த மசோதாவும் இல்லாமலே அவர் 12 மணி நேரம் உழைத்துக்கொண்டிருந்தார். துண்டறிக்கை அவர் கைக்குப் போகவில்லை. உள்ளே போகிறவரைச் சோதிக்கிறார், சங்கத்தாரைத் தடுக்கிறார் என்பதால் அவர் முதலாளியின் ஆளாகவே எண்ணப்பட்டார். தடுக்கச் சொல்வது முதலாளி. தடுக்காவிட்டால் மறுநாள் வேலை போவது அவருக்கு.

கோரிக்கைகள் எளியவை: எட்டு மணி நேர டூட்டி, சம்பளத்துடன் வார விடுப்பு, மிகை நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி, ஒப்பந்தக்காரர் மாறினாலும் அறுபடாத பணித்தொடர்ச்சி, இரவுப் பணியாளருக்கு இலவச மருத்துவப் பரிசோதனை, மாநிலந்தோறும் முத்தரப்பு வாரியம். எட்டு மணி நேரம் உறுதியானால் இருவர் நிற்கும் வாயிலில் மூன்றரைப் பேருக்கு வேலை கிடைக்கும். வேலையின்மை வாட்டும் நாட்டில் இது காவலாளிகளின் கோரிக்கை மட்டுமன்று.

அந்த இரண்டு பேரும் ஒன்றாக இருக்கும் நேரம் நாளொன்றுக்கு இருமுறை, ஆள் மாறும் சில நிமிடங்கள்தான். காலை எட்டு, இரவு எட்டு. தோழர்களே, சங்கத்தின் துண்டறிக்கை அந்த நிமிடங்களில் அங்கே இருக்கட்டும்.