வாயிலில் நின்றுபோன வேண்டுகோள்
இணைய வழங்கிகளின் இணைப்புப் பிழைகளும் அவற்றைத் தமிழில் சொல்லும் முறையும்



மொழி வளர்ச்சிக்கான சொற்பொழிவு வரிசையில் இணைய வழங்கிகளின் பழுதுபார்ப்புக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். ‘இணையம்’ என்னும் சொல்லைத் தந்தவர் என்று நாம் போற்றும் நா. கோவிந்தசாமி சிங்கப்பூரர், ஆசிரியர், எழுத்தாளர். தமிழ் இணைய மாநாடுகளுக்கு முன்னோடியாக அமைந்த கூட்டம் 1997 ஆம் ஆண்டு இந்நகரில்தான் நடந்தது. எனவே கணினியின் உட்புறத்தைத் தமிழில் பேசுவது இம்மண்ணுக்குப் புதிதன்று.

ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை மாலை, தேக்கா. ஊருக்குப் பணம் அனுப்பக் கைப்பேசியை எடுக்கிறார் ஒரு தொழிலாளர். தொகையை இட்டுப் பொத்தானை அழுத்துகிறார். நெடுநேரம் காத்திருந்த திரையில் 504 என்னும் எண்ணும் ஆங்கிலச் சொற்கள் இரண்டும் தோன்றுகின்றன. பணம் போயிற்றா, போகவில்லையா? மறுபடியும் அழுத்தலாமா, கூடாதா? அவருக்கு விடை சொல்வார் இல்லை. இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்கான வழியே இன்றைய பேச்சின் பொருள்.

வரிசையை நடத்தும் ஊழியர்

நாம் கூடியிருக்கும் இந்தச் சாங்கியிலிருந்தே ஓர் உவமை. விமான நிலையத்தில் பயணப் பதிவு முகப்புகள் பல இருக்கும். வரிசையின் தலைப்பில் ஓர் ஊழியர் நின்று, “நீங்கள் மூன்றாம் முகப்புக்குச் செல்லுங்கள், நீங்கள் ஐந்தாவதற்கு” என்று வழிகாட்டுவார். இணையத்தில் அவ்வூழியரின் இடத்தில் இருப்பதே ‘லோட் பேலன்சர்’; அதனைச் சுமைப் பகிர்வி என்போம். முகப்புகளின் இடத்தில் இருப்பவை வழங்கிகள்.

உவமை ஓர் இடத்தில் மாறுபடுகிறது. விமான நிலையத்தில் பயணி தாமே முகப்புக்கு நடந்து செல்வார். இணையத்திலோ, பயணர் பகிர்வியோடு மட்டுமே பேசுகிறார். பகிர்வி அவர் வேண்டுகோளை உள்ளே எடுத்துச் சென்று மறுமொழியைக் கொண்டுவருகிறது. ஆகவே ஒரே பயணத்தில் இரண்டு இணைப்புகள் உள்ளன: பயணருக்கும் பகிர்விக்கும் இடையே ஒன்று, பகிர்விக்கும் வழங்கிக்கும் இடையே மற்றொன்று. எந்த இணைப்பு அறுந்தது என்று அறிவதே பழுதுபார்ப்பின் பாதி.

இதற்கு உதவும் எண்கள் மூன்று. எச்டிடிபி என்னும் உரையாடல் நெறியில் 4 எனத் தொடங்கும் எண்கள் வேண்டுகோளின் பக்கத்துக் குறையையும், 5 எனத் தொடங்குவன வழங்கும் பக்கத்துக் குறையையும் சுட்டும். 502 என்றால், உள்ளிருந்து செல்லத்தக்க மறுமொழி கிடைக்கவில்லை. 503 என்றால், இப்போது பணியேற்கும் நிலையில் எவரும் இல்லை. 504 என்றால், வேண்டுகோள் உள்ளே அனுப்பப்பட்டது, ஆனால் குறித்த நேரத்திற்குள் விடை வரவில்லை. கைகலப்பு, ஆளில்லாமை, காத்திருப்பு என்று மூன்றையும் வேறுபடுத்தலாம். மூன்றுக்கும் மருந்து வேறு.

மறுப்பும் மௌனமும்

பழுது என்று அழைப்பு வந்தவுடன் வழங்கிகளை நிறுத்தித் தொடங்கிவிடுவது பலருடைய வழக்கம். நாங்களும் தொடக்கத்தில் அவ்வாறு செய்தவர்களே. அதனால் சில வேளைகளில் பழுது மறையும். காரணமும் அதனுடனே மறைந்துவிடும். மறுவாரம் அதே பழுது திரும்பி வரும்.

இப்போது நாங்கள் முதலில் கேட்பது, “இதைச் சொன்னவர் யார்?” என்பது. பிழை நேர்ந்த மணித்துளியைக் குறித்துக்கொண்டு, பகிர்வியின் பதிவேட்டையும் வழங்கியின் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். பகிர்வியிடம் பதிவு இருந்து வழங்கியிடம் இல்லையெனில், வேண்டுகோள் பெரும்பாலும் வாயிலிலேயே நின்றுபோயிற்று என்று கொள்ளலாம். இரண்டிலும் இருந்தால், உள்ளே வேலை நடந்திருக்கிறது, விடைதான் தாமதித்தது.

அடுத்து, உள் வலையமைப்பிலிருந்து பகிர்வியைத் தவிர்த்து ஒவ்வொரு வழங்கியையும் நேரே கேட்போம். இங்கே மறுப்புக்கும் மௌனத்திற்கும் உள்ள வேறுபாடு பெரிது. “இணைப்பு மறுக்கப்பட்டது” என்று உடனே விடை வந்தால், வீடு இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. அதாவது கணினி இயங்குகிறது, ஆனால் வழங்கி மென்பொருள் அவ்வாயிலில் செவிசாய்க்கவில்லை. விடையே வராமல் நேரம் கடந்தால், பெரும்பாலும் இடையில் ஒரு தீச்சுவர் வேண்டுகோளை ஓசையின்றிக் கீழே போட்டுவிடுகிறது. அல்லது கணினியே வீழ்ந்திருக்கிறது.

வேறொரு காரணமும் உண்டு. பகிர்விக்குப் பின்னால் இருக்கும் வழங்கியின் கண்ணுக்கு, வருவோர் அனைவரும் பகிர்வியின் முகவரியிலிருந்தே வருவதாகத் தோன்றும். உண்மையான முகவரியை ‘எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்’ என்னும் தலைப்பில் பகிர்வி எழுதி அனுப்பும். வழங்கியின் பாதுகாப்பு மென்பொருள் அதனைப் படிக்கத் தவறினால், “ஒரே முகவரியிலிருந்து இத்தனை வேண்டுகோள்களா? இது தாக்குதல்” என்று முடிவுசெய்து பகிர்வியையே தடுத்துவிடும். காவலரே வரிசை நடத்தும் ஊழியரை வெளியே தள்ளிய கதைதான் அது.

ஐந்து வினாடியின் கதை

எங்கள் பட்டறிவில் ஒன்று. ஒரு நிறுவனத்தின் பதிவுப் பக்கத்தில் நாள்தோறும் ஓரிரு முறை 502 தோன்றியது. கூட்டம் மிகுந்த நேரத்தில் பிழையே இல்லை. ஆள் குறைந்த பின்னிரவிலும் விடியலிலும் மட்டும் வந்தது. சுமையால் வந்த பழுதானால் கூட்டத்தில்தானே வரவேண்டும்? இரண்டு வாரம் நாங்கள் தவறான இடங்களில் தேடினோம்.

காரணம் இரண்டு கடிகாரங்களின் பொருத்தமின்மை. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் புதிய இணைப்பை ஏற்படுத்துவது வீண் செலவாதலால், பகிர்வி பழைய இணைப்பைத் திறந்தபடி வைத்திருந்து மீண்டும் பயன்படுத்தும். அங்கே பகிர்வியின் காத்திருப்பு 60 வினாடி. வழங்கியின் காத்திருப்பு 5 வினாடி. வழங்கி தன் கதவைச் சாத்தும் அதே நொடியில் பகிர்வி புதிய வேண்டுகோளை அனுப்பினால், அது மூடிய கதவில் மோதும். கூட்ட நேரத்தில் எந்த இணைப்பும் ஐந்து வினாடி சும்மா இருப்பதில்லை. ஆகவே மோதலும் இல்லை. வழங்கியின் காத்திருப்பை 75 வினாடியாக உயர்த்தினோம். பிழை நின்றது.

அப்பாச்சி மென்பொருளின் இயல்பான காத்திருப்பு 5 வினாடி. என்ஜின்எக்ஸ் மென்பொருளுக்கு 75 வினாடி. இரண்டுமே தத்தம் அளவில் குற்றமற்றவை. ஆனால் பகிர்வியின் பின்னால் இருப்பது, முன்னால் இருப்பதைவிடச் சற்று நீண்ட நேரம் கதவைத் திறந்து வைத்திருக்கவேண்டும் என்பது பொதுவிதி.

நம் நகரம் கண்டவை

இத்தகைய சிறு பொருத்தமின்மைகள் பெரிய அளவிலும் நிகழ்வதை நாம் கண்டோம். 2023 நவம்பர் 1 அன்று காலை தொடங்கி மாலைவரை நம் பொது மருத்துவமனைகள், பலதுறை மருந்தகங்கள் ஆகியவற்றின் இணையத்தளங்களை எவராலும் அடைய முடியவில்லை. அளவுகடந்த போலி வேண்டுகோள்கள் தடுப்புகளைத் தாண்டி வந்து தீச்சுவரைத் திணறடித்தன என்று சுகாதாரத் தொழில்நுட்ப நிறுவனமான சினாப்ஸ் விளக்கியது. நோயாளர் பதிவுகளுக்கு ஊறில்லை. உள் வலையமைப்பு இயங்கியது. உள்ளே வீடு நலமாக இருந்தது. வாயிற்காவலர்தான் மூச்சுத் திணறினார்.

அதற்கு இரண்டு வாரத்திற்கும் சற்று முன்னர், அக்டோபர் 14 அன்று, ஒரு தரவு நிலையத்தின் குளிரூட்டும் அமைப்பு பழுதுற்று இரண்டு வங்கிகளின் சேவை நின்றது. ஏறத்தாழ 25 லட்சம் கட்டண, பண எடுப்புப் பரிமாற்றங்கள் நிறைவேறவில்லை என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மாற்று நிலையங்கள் இருந்தன. ஆனால் ஒரு வங்கிக்கு வலையமைப்பு அமைவில் பிழை, மற்றதற்கு இணைப்புச் சிக்கல். முழுமையாக அங்கே மாற முடியவில்லை. மாற்றுவழியை வரைபடத்தில் வைத்திருப்பது வேறு, நடந்து பார்த்திருப்பது வேறு.

2024 செப்டம்பர் 10 அன்று, சாங்கிக்கு அண்டையிலுள்ள லோயாங்கில் ஒரு தரவு நிலையத்தின் லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றின. அலிபாபா மேகச் சேவையின் சிங்கப்பூர் மண்டலங்களுள் ஒன்று அதனால் முடங்கியது. வழங்கிகள் நலமா என்று சில வினாடிகளுக்கு ஒருமுறை கேட்டு, விடை வராதவற்றைப் பகிர்வி ஒதுக்கிவிடும். ஆயினும் வேறு மண்டலத்தில் நகல் வைத்திருந்தவர்க்கே அவ்வொதுக்கல் பயன்படும். இல்லாத முகப்புக்கு எந்த ஊழியராலும் பயணியை அனுப்ப இயலாது.

சொல் செய்யும் பணி

இனி, தேக்காவில் நாம் விட்டுவந்த தொழிலாளரிடம் திரும்புவோம். அவர் கண்ட 504 என்பதன் பொருள், விடை வரவில்லை என்பதே. வேலை நடக்கவில்லை என்பதன்று. பகிர்வி காத்திருந்து கைவிட்ட பின்னும் வழங்கி பணத்தை அனுப்பி முடித்திருக்கலாம். ஒரு செய்தித்தாளின் பக்கத்தை இரண்டு முறை கேட்டால் கேடில்லை. பணத்தை இரண்டு முறை அனுப்பினால் ஒரு மாதச் சம்பளம் கேள்விக்குறியாகும். ஆதலால்தான் நல்ல அமைப்புகள் ஒவ்வொரு பணவேண்டுகோளுக்கும் தனி எண் இட்டு, அதே எண் மீண்டும் வந்தால் இரண்டாம் முறை நிறைவேற்றாமல் முதல் முடிவையே சொல்லும். அது பொறியாளர் கடமை.

மொழியறிந்தோர் கடமை வேறு. 502க்குரிய ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘மோசமான நுழைவாயில்’ என்று எழுதினால் அது தமிழெழுத்தில் இருக்கும், தமிழாக இராது. படிப்பவர் தாம் ஏதோ தவறான பொத்தானை அழுத்திவிட்டதாக அஞ்சுவார். அச்செய்தி மூன்றைச் சொல்லவேண்டும்: குறை யாருடையது, வேலை முடிந்ததா, இனி என்ன செய்வது.

504க்கு நாங்கள் முன்வைக்கும் வாசகம் இது: “உங்கள் வேண்டுகோள் எங்களை வந்தடைந்தது. விடை வரத் தாமதமாகிறது, குறை எங்களுடையது. பணம் அனுப்பப்பட்டிருக்கலாம். மீண்டும் அனுப்பும் முன் ‘என் பரிமாற்றங்கள்’ பக்கத்தைப் பாருங்கள்.” 503க்கு: “சேவை இப்போது இயங்கவில்லை. சற்று நேரம் கழித்து முயலுங்கள்.” இவற்றில் அரிய கலைச்சொல் ஒன்றும் இல்லை. ஆனால் இவற்றை எழுத, உள்ளே என்ன நடந்தது என்று பொறியாளர் மொழியறிஞர்க்குச் சொல்லவேண்டும்; படிப்பவர் எதைக் கண்டு மயங்குவார் என்று மொழியறிஞர் பொறியாளர்க்குச் சொல்லவேண்டும். இவ்வுரையாடல் பணி முடிந்த பின் ஒட்டவைக்கும் மொழிபெயர்ப்பாக இராமல், வடிவமைப்பின் தொடக்கத்திலேயே நிகழ்தல் நலம்.

இங்கே அமர்ந்திருக்கும் இளம் பொறியாளர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. நீங்கள் பேணும் தளங்களின் பிழைப் பக்கங்களை இன்றிரவு ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் அன்னையாரோ தாத்தாவோ அதனைப் படித்தால் அடுத்து என்ன செய்வார் என்று எண்ணுங்கள். விடை உங்களுக்கே தெளிவாகவில்லையெனில், திருத்தவேண்டிய பழுது அங்கும் ஒன்று உண்டு.