இடறிய இடமும் இடறியதன் காரணமும்



இயங்கிக்கொண்டிருக்கும் கணினிச் செய்நிரலொன்று "செக்மென்டேஷன் ஃபோல்ட்" என்னும் இரு சொற்களைத் திரையிற் காட்டிவிட்டுத் திடீரென நின்றுவிடுவதுண்டு. 1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த லினக்ஸில் செய்நிரல் எழுதிப் பழகுவோர் இதனை நன்கறிவர். இதன் பொருள் யாது?

ஒவ்வொரு செய்நிரலுக்கும் நினைவகத்தில் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. தனக்கு உரித்தல்லாத முகவரியை அது தொட முற்படின், கணினியின் வன்பொருள் அதனைக் கண்டு லினக்ஸின் கருவுக்கு அறிவிக்கும். கரு 11ஆம் இலக்கச் சைகையை அனுப்பும், செய்நிரல் நின்றுவிடும். வேலி தாண்டி அயலான் வளவுக்குட் புகுபவனைக் காவலன் தடுப்பதை ஒத்தது இது.

எமது பாடசாலை நூலகத்துக்கென மாணவி ஒருத்தி சீ மொழியிற் செய்நிரலொன்று எழுதினாள். பல நாள் செவ்வனே இயங்கிய அது, ஒருநாள் அங்கத்தவர் இலக்கமொன்றைப் பதிந்ததும் நின்றுவிட்டது. "இது என்னால் இயலாது, சேர், விட்டுவிடுகிறேன்" என்றாள். யான் கலைத்துறை பயின்றவன். அவள் பிழையைத் திருத்த அறியேன். ஆயினும், "ஊகத்தை விட்டுச் சான்றைத் தேடு" என்றேன். சரித்திரப் பாடம் எனக்குக் கற்பித்தது அதுவே.

அவள் 'ஜீ' என்னும் குறியை இட்டுச் செய்நிரலை மீளத் தொகுத்தாள். ஜீடீபீ என்னும் பிழைதேடு கருவியினுள் அதனை இயக்கி, அதே இலக்கத்தைக் கொடுத்தாள். மீண்டும் நின்றது. 'பீடீ' என்ற கட்டளை, எச்செயற்கூறு எதனை அழைத்து அவ்விடம் வந்தது என்பதை வரிசையாகக் காட்டிற்று. நின்ற இடம் அங்கத்தவர் பெயரை வாசிக்கும் வரி. அவ்வரியிற் பிழை தோன்றவில்லை. அதற்கு வந்து சேர்ந்த முகவரியை நோக்கினாள், அது பூச்சியம்!

அந்த இலக்கத்துக்குரிய மாணவன் பாடசாலையை விட்டு விலகியவன். பட்டியலில் அவன் பெயர் இல்லை. "இல்லை" என்னும் விடையையே தேடற் செயற்கூறு பூச்சியத்தால் உணர்த்தியது. அவ்விடையைச் சோதியாது மேலே சென்றமையே தவறு. ஒரு நிபந்தனையைச் சேர்த்தாள், குறை நீங்கிற்று.

இடறிய இடம் வேறு, இடறியதன் காரணம் வேறு என்பது இதிற் புலனாகும். எல்லாப் பிழையும் இவ்வாறு உடனே வெளிப்படுவதில்லை. தன் எல்லைக்குள்ளேயே தவறான இடத்தில் எழுதும் செய்நிரல், நிற்காமலே பிழையான விடையைத் தந்துகொண்டிருக்கக்கூடும். அதனோடு ஒப்பிடின், தவறிய கணத்திலேயே நின்றுவிடுவது நன்மையன்றோ?

அம்மாணவி இப்போது இரண்டாவது செய்நிரலை எழுதிக்கொண்டிருக்கிறாள்.