மாத்திரையை விடுகிறவருக்கும் எம்.சி. வேண்டும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கள்ளையும் சம்சுவையும் கண்டித்து இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று பேச வந்தது, சீட்டில்லாமல் கடையில் கிடைக்கும் தலைவலி மாத்திரையைப் பற்றி. சிரிக்க வேண்டாம். கிராணிகளாகிய எங்கள் மேசை இழுப்பறையிலும் ஓர் அட்டை கிடக்கிறது.

காலைப் பிரட்டுக்கு வர ஒன்று, பாலைக் கொடுத்த பின் ஒன்று என்று விழுங்குகிறோம். பெயர் விழாவிட்டால் சம்பளம் இல்லையே! தலைவலிக்காரர் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கொடீன் முதலியவை கலந்ததை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட்டு வந்தால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும் என்கிறது மருத்துவம்.

சுவீடனில் ஹஸ்க்வார்னா என்றொரு தொழிற்சாலை ஊர். 1918ஆம் ஆண்டு விஷக்காய்ச்சலின்போது, அவ்வூர் டாக்டர் ஒருவர் பினசிட்டினும் காபீனும் சேர்ந்த தூளைக் கொடுத்தார். காய்ச்சல் போயிற்று, தூள் போகவில்லை. வேலை ஓட அதையே தொழிலாளர் நம்பினார்கள். பின்னாளில் சிறுநீரகம் கெட்டுப் பலர் மாண்டனர். பழக்கத்தைத் தொடங்கி வைத்தது வைத்தியரின் கை என்பதை மறக்கலாகாது.

நம் தோட்டத்து வெட்டுக்காரத் தாய் ஒருவர், வைத்தியத்துக்குப் போன இடத்தில் உள்ளதைச் சொன்னார். "யாரைக் கேட்டுத் தின்றாய்?" என்று ஏச்சு விழுந்தது. அடுத்த முறை கேட்டபோது, "எப்போதாவது ஒன்றுதான் ஐயா" என்றார். பொய் சொல்லக் கற்றுக் கொடுத்தது யார்? எத்தனை மாத்திரை, எத்தனை நாளாக என்று அமைதியாகக் கேட்டிருந்தால் வைத்தியம் அன்றே தொடங்கியிருக்கும். கொடீன் வகையானால் திடீரென நிறுத்தாமல் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். அதற்கு உண்மைக் கணக்கு வேண்டாமா?

நிறுத்தியதும் வலி முதலில் கூடும். பெரும்பாலும் 2 முதல் 10 நாள் வரை. குமட்டலும் வரும், தூக்கமும் போகும். அந்த நிலையில் மரத்தடியில் கத்தி பிடிக்க முடியுமா? வீட்டில் படுத்தால் கூலி போகும். ஆகவே மறுபடியும் மாத்திரை!

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, வேலைசெய்த காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. டாக்டரின் எம்.சி. வேண்டும். மாத்திரையை விடும் நாள்களும் நோய் நாள்களே என்று டாக்டர்மார் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அந்தத் தாயோடு கிளைச் செயலாளர் அடுத்த வாரம் டாக்டரிடம் போகிறார். எம்.சி.யை வாங்கி வாருங்கள். செக்ரோலில் பதிவது எங்கள் பொறுப்பு.