பெற்ற வரமும் கற்ற தொழிலும்



பாடசாலையொன்றில் நெடுங்காலம் மரவேலை கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அத்தகையவன் வீடியோ விளையாட்டைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பை அளிக்கலாம். பிள்ளைகளின் பொழுதை விழுங்கும் பொருளென்றே அதனை நானும் எண்ணியிருந்தேன். என் மகளின் மகன் அருகே ஒரு மாலைப்பொழுது அமர்ந்திருந்த பின்னரே அவ்வெண்ணம் சற்று நெகிழ்ந்தது.

அவன் ஆடியது யப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 2023ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் வெளியிட்ட, ‘செல்டா’ வரிசையைச் சேர்ந்த ‘டியர்ஸ் ஒஃப் த கிங்டம்’ என்னும் விளையாட்டாகும். வெளிவந்த மூன்றே நாட்களில் உலகெங்கும் ஒரு கோடிப் பிரதிகள் விற்பனையாயின என்று அந்நிறுவனம் அறிவித்தது. ஹைரூல் என்னும் கற்பனை நாட்டில் லிங்க் என்னும் வீரன் மேற்கொள்ளும் பயணமே அதன் கதை. தொடக்கத்திலேயே அவனுடைய வலக்கை பழுதாகிவிடுகிறது. ரௌரு என்னும் பண்டைய அரசனின் கை அவனுக்குப் பொருத்தப்படுகிறது. பொருட்களை இணைத்துப் புதியன ஆக்கும் ஆற்றல்கள் அக்கையின் வழியாகவே வருகின்றன.

அவ்வாற்றல்கள் உடனே கிடைத்துவிடுவதில்லை. வானில் மிதக்கும் பெருந்தீவொன்றிலே சிறு ஆலயங்கள் உள்ளன. உகோ என்னும் ஆலயத்துள் நுழைந்ததும் ‘அல்ட்ராஹேண்ட்’ என்னும் ஆற்றல் கைகூடுகிறது. தொலைவிலுள்ள பொருளைத் தூக்கவும், திருப்பவும், மற்றொன்றுடன் ஒட்டவும் அது உதவும். ஆனால் வரம் கிடைத்தவுடன் வாயில் திறந்துவிடுவதில்லை. அதனைப் பயன்படுத்தத் தெரிந்தவனுக்கே அப்பால் வழியுண்டு.

அந்த ஆலயம் கற்பிக்கும் முறையைக் கண்டு ஓர் ஆசிரியன் என்ற வகையில் நான் மகிழ்ந்தேன். முதலில் ஒரு பள்ளம். அருகே ஒரு பலகை. அதைத் தூக்கிக் குறுக்கே வைத்தாற் போதும். அடுத்த பள்ளம் அகலமானது. ஒரு பலகை எட்டாது. இரண்டை ஒட்டி நீளமாக்க வேண்டும். மூன்றாவது இடத்திலோ பலகைகள் எட்டா. சரிந்து செல்லும் தண்டவாளம் மாத்திரம் உண்டு. கொக்கியொன்றைப் பலகையுடன் ஒட்டித் தண்டவாளத்திலே தொங்கவிட்டு, அதன்மேல் ஏறிச் செல்லல் வேண்டும். அங்கே நீண்ட விளக்கவுரை எதுவும் இல்லை. முன்னே கற்றதன்மேல் ஒரே ஒரு புதுமை ஏற்றப்படுகிறது, அவ்வளவே.

என் பேரன் மூன்றாம் இடத்திலே தடுமாறினான். கொக்கியைப் பலகையின் ஓரத்தில் ஒட்டினான். பலகை ஒருபுறம் சாய்ந்தது. வீரன் வழுக்கி விழுந்தான். “அம்மப்பா, இது சரிவராது” என்று சலித்துக்கொண்டான். பாரம் நடுவிலே தொங்கவேண்டும் என்பது மரவேலை செய்தவனுக்குப் பார்த்தவுடனே தெரியும். சொல் என் நாவின் நுனிவரை வந்துவிட்டது.

அப்பொழுது பழைய நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வந்தது. என் வகுப்பிலே ஒரு மாணவன் மூட்டொன்றை வெட்டத் தெரியாது நெடுநேரம் போராடினான். பொறுமையிழந்த நான் உளியை அவன் கையிலிருந்து வாங்கி, நொடிப்பொழுதில் வெட்டிக் காட்டினேன். மூட்டு அழகாகப் பொருந்தியது. ஆனால் அம்மாணவன் அந்தத் தவணை முழுவதும் உளியைத் தானாக எடுக்கவில்லை. நான் அவனுக்கு உதவியதாகவே அன்று எண்ணியிருந்தேன்.

ஆகவே இம்முறை வாயை மூடிக்கொண்டேன். பேரன் பலகையைத் தூக்கி ஆட்டினான், கொக்கி கழன்றது. மறு ஓரத்தில் ஒட்டிப் பார்த்தான், மீண்டும் சாய்ந்தது. சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு நடுவிலே ஒட்டினான். பலகை மட்டமாகத் தொங்கியது. வீரன் அக்கரை சேர்ந்தபோது அவன் முகத்தில் தோன்றிய ஒளியை நான் விடை சொல்லியிருந்தால் கண்டிருக்க மாட்டேன்.

அடுத்து வருவது ‘ஃபியூஸ்’ என்னும் ஆற்றல். அது இன்-இசா என்னும் ஆலயத்திலே கிடைக்கிறது. கையிலுள்ள ஆயுதத்துடன் பிறிதொரு பொருளை இணைப்பது அதன் தொழில். தடியுடன் பாறையை இணைத்தால் சம்மட்டியாகும். வெடிப்புண்ட கற்சுவரை அது உடைக்கும். அம்புடன் நெருப்புக் கனியை இணைத்தால் அது பற்றி எரியும். 2017இல் வெளிவந்த முந்தைய விளையாட்டிலும் ஆயுதங்கள் உடைந்துபோகும். அதனால் நல்ல வாளைப் பயன்படுத்த அஞ்சிப் பெட்டகத்துப் பொன்போற் பேணியவர் பலர். இப்புதிய கதையிலோ நாட்டின் ஆயுதங்களெல்லாம் அரிக்கப்பட்டுக் கிடக்கின்றன. வீழ்த்திய பகைவனின் கொம்பைத் துருவேறிய வாளிலே பொருத்தி முன்செல்ல வேண்டியதுதான். கிடைத்ததைப் பூட்டி வைப்பவனுக்கன்றி, இருப்பதைக் கொண்டு ஆக்குபவனுக்கே அங்கு வெற்றி.

இங்கே பிழைக்கு விலையும் உண்டு. அல்ட்ராஹேண்டினால் ஒட்டியதை ஆட்டிக் கழற்றினால் இரு பொருளும் மீளும். ஃபியூஸ் செய்ததை வழியிலே நாமாகப் பிரித்தால் இணைத்த பொருள் அழிந்துவிடும். இரண்டையும் சேதமின்றிப் பெற விரும்பினால் டாரி என்னும் ஊருக்குச் சென்று, அங்குள்ள தொழிலாளிக்கு 20 ரூப்பீ கூலி கொடுக்க வேண்டும். தொழிலாளியின் திறமைக்குக் கூலி உண்டென்பதை விளையாட்டும் மறக்கவில்லை!

பின்னர், நிலத்தடி உலகத்துப் பழஞ்சுரங்கமொன்றிலே ‘ஓட்டோபில்ட்’ என்னும் ஆற்றல் கிடைக்கிறது. முன்பு செய்தவற்றை அது நினைவில் வைத்து மறுபடி தானே கட்டித் தரும். குறையும் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் மூன்று சொனைட் கற்களைச் செலவிட்டால் அதனையும் ஈடுசெய்யும். கையால் ஒட்டிப் பழகிய பின்னரே இவ்வசதி வருகிறது என்பதைக் கவனியுங்கள். கையாற் கற்றவனுக்கே இயந்திரம் நல்ல துணையாகும்.

அல்ட்ராஹேண்ட் என்னும் பெயர் புதிதன்று. சீட்டுக்கட்டுச் செய்யும் தொழிலாக 1889இல் தொடங்கியது அந்நிறுவனம். அங்கே இயந்திரங்களைப் பராமரித்து வந்த குன்பெய் யோகோய் என்பவர், ஓய்வு வேளையிலே தம் பொழுதுபோக்குக்காக நீண்டு சுருங்கும் கையொன்றைச் செய்தார். தலைவர் யமவுச்சி அதனைக் கண்டு கண்டிக்கவில்லை. விளையாட்டுப் பொருளாக்கும்படி பணித்தார். 1966இல் அது அல்ட்ரா ஹேண்ட் என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தது. சும்மா எதையோ செய்துகொண்டிருந்த ஒருவரின் கையைத் தடுக்காதிருந்ததால் விளைந்த பயன் அது.

நேயர்களே, திரையிலுள்ள பசை மெய்யான மூட்டுக்கு ஈடாகாது. மரத்தின் மணமும் வாளின் கூர்மையும் அங்கில்லை. பிழையாக அறுத்த பலகையை ஆட்டிச் சரிசெய்யவும் இயலாது. ஆதலால் மறுவாரம் என் பேரனிடம் உண்மையான பலகைகள் இரண்டும் ஒரு சுத்தியலும் கொடுத்தேன். அவன் அடித்த முதல் ஆணி வளைந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் கையை நீட்டவில்லை. அவனே அதைப் பிடுங்கிவிட்டு, இரண்டாம் ஆணியை எடுத்தான்.

உங்கள் பிள்ளையும் திரையின் முன்னே ஏதேனும் கட்டிக்கொண்டிருந்தால், ஒரு மாலை அருகே அமருங்கள். விடை தெரிந்தாலும் சற்றுப் பொறுங்கள். ஆற்றலைப் பிறர் தரலாம். அதனை ஆளும் அறிவை அவரவரே ஈட்டுதல் வேண்டும்.