கலைந்த பேண்டின் கடைசிக் காசு

இன்னைக்கு ஒரே ஒரு வருஷம் இருந்த ஒரு பேண்டைப் பத்திப் பேசப்போறேன். பேரு டீன் ஐடில்ஸ். ஊரு வாஷிங்டன் டி.சி. வருஷம் 1979. நாலு பேருமே பள்ளிக்கூட வயசுப் பசங்க. பாஸ் கிட்டார் இயன் மெக்காய், டிரம்ஸ் ஜெஃப் நெல்சன், பாட்டு நேதன் ஸ்ட்ரெஜெக், கிட்டார் ஜார்டி கிரிண்டில். பங்க் இசையை இன்னும் வேகமா, இன்னும் சுருக்கமா வாசிச்சாங்க. அதைத்தான் பிற்பாடு ஹார்ட்கோர்னு சொன்னோம்.

இவங்களுக்கு ஒரு சிக்கல். பேண்டுகள் வாசிக்கிற இடமெல்லாம் மது விக்கிற கிளப். சின்னப் பசங்களை உள்ளயே விடமாட்டாங்க. 1980 கோடையில் பஸ் பிடிச்சு கலிஃபோர்னியா போனாங்க. சான் ஃபிரான்சிஸ்கோவில ஒரு கிளப்ல இவங்க புறங்கையில மார்க்கரால பெரிய 'எக்ஸ்' போட்டு, 'இவங்களுக்கு மது கிடையாது'ன்னு அடையாளம் வெச்சு உள்ள விட்டாங்க. ஊருக்குத் திரும்பினதும் இங்கயும் அதே மாதிரி செய்யலாமேன்னு கிளப்காரங்ககிட்ட கேட்டாங்க. குடிக்காத பசங்களோட அடையாளமா அந்த எக்ஸ் மாறினது அதுக்கப்புறம்தான்.

1980 நவம்பர்ல பேண்ட் கலைஞ்சுது. பொதுவில சேர்த்து வெச்சிருந்த பணம் சுமார் 600 டாலர். பங்கு போட்டா ஆளுக்கு 150. இல்லன்னா, செத்துப்போன பேண்டுக்கு ஒரு ரெக்கார்டு.

எனக்கும் இது தெரிஞ்ச கட்டம்தாங்க. காலேஜ்ல எங்க பேண்ட் நின்னப்ப மிச்சக் காசுல பிரியாணி சாப்பிட்டோம். நல்ல பிரியாணி. ஆனா எங்க பாட்டு ஒண்ணுகூட இன்னைக்கு இல்ல.

அவங்க ரெக்கார்டு போட்டாங்க. எட்டுப் பாட்டு, பேரு 'மைனர் டிஸ்டர்பன்ஸ்'. அதுக்காகவே டிஸ்கார்டுன்னு ஒரு லேபிள் தொடங்கினாங்க. உறைகளை கையாலயே வெட்டி, மடிச்சு, ஒட்டினாங்க. வித்து வந்த காசு ஊர்ல இருந்த அடுத்த பேண்டுகளுக்குப் போச்சு. இயனும் ஜெஃபும் தொடங்கின மைனர் த்ரெட்டும் அதுல ஒண்ணு. அதுவும் 1983-லயே முடிஞ்சுபோச்சு.

டிஸ்கார்டு மட்டும் 40 வருஷம் தாண்டியும் இருக்கு. பேண்ட் கலையறது சகஜம். கலையும்போது கையில இருக்கிற காசை என்ன செய்யறோம்கிறதுதான் விஷயம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.