ஆய்வகத்துச் சாவி யார் கையில்?



இந்த ஆண்டு நினைவுப் பொழிவை நான் நிகழ்த்த வேண்டும் என்று அண்ணன்மார் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். வாத்தியாரைப் பற்றிப் பேச என்னைவிட மூத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். பகலில் பள்ளிக்கூடம், சாயங்காலம் காலனி மந்தையில் குண்டு பல்பு வெளிச்சத்தில் கணக்கு வகுப்பு என்று வாழ்ந்தவர் அவர். இலவங்காய் உடைக்கப் போகும் வீட்டுப் பிள்ளைகளையும், தேங்காய் உரிக்கப் போகும் வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வைத்து அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்தவர். பத்தாம் வகுப்பு முடித்ததும் எங்களில் மூன்று பேரை அறிவியல் குரூப்பில் சேரச் சொன்னார். அதற்கு அவர் சொன்ன காரணம் இன்னும் நினைவில் இருக்கிறது: "கவிதை எழுத நம்ம பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆய்வகத்துக்குள்ள போறதுக்குத்தான் ஆள் வேணும்."

மூன்று பேரில் ஒருவர்கூட அறிவியலில் தங்கவில்லை. அது ஏன் என்பதுதான் என்னுடைய இன்றைய பேச்சு.

நான் இளங்கலையில் படித்தது வேதியியல். கல்லூரியின் பெயர் வேண்டாம். எந்தக் கல்லூரியின் பெயரை அங்கே வைத்தாலும் கதை பெரிதாக மாறாது. முதல் வாரம் செய்முறை வகுப்பில் இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார்கள். என்னோடு சேர்ந்த பெண் நகரத்துப் பள்ளியில் படித்தவள். பியூரெட், பிப்பெட் எல்லாம் பிடித்துப் பழகியவள். நான் படித்த பள்ளியில் அவை அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. உடைத்துவிட்டால் காசு கட்ட வேண்டும் என்ற பயம் எனக்கு. அவள் நல்லவள்தான். "நீ ரீடிங் எழுதிக்கோப்பா" என்றாள். எழுதினேன். அமிலத்தில் காரம் சொட்டுச் சொட்டாக விழுந்து இளஞ்சிவப்பு நிறம் வரும் அந்தக் கணத்தை மூன்று வருடமும் பக்கத்தில் நின்று பார்த்தேன். குழாயைத் திருகியது என் கை இல்லை. யாரும் என்னைத் திட்டவில்லை, விரட்டவில்லை. ஆசிரியர்கள் மேசை மேசையாக வந்தார்கள். ஒருவர்கூட "இன்றைக்கு நீ செய்" என்று சொல்லவில்லை.

பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வில் மட்டும் தனியாக நிறுத்தினார்கள். கை நடுங்கியது. வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் முதலில் கேட்டது வேதியியல் கேள்வி இல்லை. "எந்த ஊர்?" என்றார். மயிலாடும்பாறை என்றேன். "ஊருக்குள்ளயா, காலனியா?" என்றார். அதற்குப் பிறகு கேட்ட கேள்விகள் எதுவும் என் காதில் விழவில்லை. எழுத்துத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணைச் செய்முறை மதிப்பெண் கீழே இழுத்தது. எம்.எஸ்சி. இடம் கிடைக்கவில்லை. எம்.ஏ. சமூகவியல் சேர்ந்தேன். சமூகவியலை விரும்பித்தான் படித்தேன், அதில் குறை இல்லை. ஆனால் வேதியியலை நான் விட்டேனா, வேதியியல் என்னை விட்டதா என்ற கேள்வி இருபது வருடத்துக்கு மேலாக என்னோடு இருக்கிறது.

இது என் ஒருத்தியின் கதை என்றால் மேடையில் சொல்லியிருக்க மாட்டேன். டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை விசாரிக்க 2006இல் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2007இல் அறிக்கை வந்தது. ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்று 69 விழுக்காடு மாணவர்கள் சொன்னார்கள். செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் நேராகவோ சுற்றி வளைத்தோ சாதி கேட்கப்பட்டதாகப் பெரும்பாலோர் சொன்னார்கள். அறிக்கையைப் படித்தபோது, "ஊருக்குள்ளயா, காலனியா?" என்ற கேள்விக்கு இந்தியில் எப்படிச் சொல்வார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆண்டே, 2008 பிப்ரவரியில், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் செந்தில்குமார் இறந்தார். சேலம் மாவட்டத்துப் பிள்ளை. பன்னியாண்டி சமூகம், பன்றி வளர்த்துப் பிழைத்த குடும்பம். இயற்பியலில் முனைவர் பட்டம் படிக்கப் போனவர். வழிகாட்டிப் பேராசிரியர் ஒதுக்கப்படாமலே மாதங்கள் ஓடின. பாடத்தேர்வில் தேறவில்லை என்று உதவித்தொகையில் கை வைத்தார்கள். அந்தப் பணத்தில்தான் ஊரில் அவர் வீடு சாப்பிட்டது. விடுதி அறையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பிறகு பல்கலைக்கழகமே பேராசிரியர் வினோத் பவரலா தலைமையில் ஒரு குழு அமைத்தது. இயற்பியல் துறையில் நடைமுறைகள் சீராக இல்லை, அதனால் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒதுக்கீட்டில் வந்த மாணவர்கள் என்று அந்தக் குழு கண்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரி 17 அன்று, அதே வளாகத்தில் ரோகித் வெமுலா. ரோகித்தும் முதலில் உயிர் அறிவியலில் சேர்ந்து, பிறகு சமூக அறிவியலுக்கு மாறியவர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

செந்தில்குமார் விஷயத்தில் தோழர்கள் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவரை உள்ளே விட்டது சட்டம். மத்திய நிறுவனங்களில் பட்டியலினத்தவருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு; நம் மாநிலத்தில் 18, 1. வாசல் வரைக்கும் எழுதப்பட்ட விதி இருக்கிறது. உள்ளே போன பிறகு யாருக்கு எந்த வழிகாட்டி, யாருக்குக் கருவியில் எத்தனை மணி நேரம், அகமதிப்பெண் எவ்வளவு, யாருக்குப் பரிந்துரைக் கடிதம் என்பதற்கெல்லாம் எழுதப்பட்ட விதி பெரும்பாலும் இல்லை. அங்கே ஒருவருடைய மனசுதான் விதி. கலைப் பிரிவில் ஒரு ஆசிரியர் நம்மை ஒதுக்கினால் நூலகத்தில் உட்கார்ந்து படித்து ஈடுகட்டலாம். அறிவியலில் அது முடியாது. ஆய்வகத்துச் சாவி ஒருவர் கையில் இருக்கிறது. அவர் திறந்தால்தான் உண்டு.

"அறிவியலுக்கு ஏதுங்க சாதி?" என்று கேட்பார்கள். சமன்பாட்டுக்குச் சாதி இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சமன்பாடு எழுதுகிறவர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று பார்ப்போம். மேகநாத் சாகா வங்கத்தில் டாக்கா பக்கம் ஒரு கிராமத்துச் சின்னக் கடைக்காரர் மகன். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் படித்தபோது ஈடன் இந்து விடுதியில் ஆதிக்க சாதி மாணவர்கள் அவரோடு ஒரே பந்தியில் உண்ண மறுத்தார்கள். விண்மீன்களின் ஒளியைப் பிரித்து அவற்றின் வெப்பநிலையைக் கணக்கிட உதவும் சமன்பாட்டை 1920இல் உலகத்துக்குக் கொடுத்தவர் அந்த சாகாதான். அவர் தாக்குப்பிடித்தார், அதனால் பெயர் தெரிகிறது. தாக்குப்பிடிக்க முடியாமல் திரும்பிப் போனவர்களின் கணக்கு யாரிடமும் இல்லை.

அண்ணல் அம்பேத்கருக்கு இது தெரிந்திருந்தது. சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோதே, மற்ற ஆசிரியர்களுக்கான பானையிலிருந்து அவர் தண்ணீர் குடிப்பதற்கு எதிர்ப்பு வந்தது. 1942இல் வைஸ்ராயிடம் கொடுத்த மனுவில், கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் மட்டும் நம் மக்களுக்குப் போதாது, அறிவியலும் தொழில்நுட்பமும் வேண்டும், அதன் செலவு நம்மால் தாங்க முடியாதது, எனவே அரசு ஏற்க வேண்டும் என்று வாதிட்டார். 1944இல் பட்டியலின மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கியது. இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் அந்த ஸ்காலர்ஷிப்பில் படித்தவர்கள், நானும்தான். 1946இல் பம்பாயில் அவர் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரிக்குக் கலை அறிவியல் கல்லூரி என்றுதான் பெயர்.

உள்ளே நடப்பதற்கு விதியே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் கொண்டுவந்த சமத்துவ ஒழுங்குமுறைகள். ஒவ்வொரு கல்லூரியிலும் சமவாய்ப்பு மையம், பாகுபாடு தடுப்பு அலுவலர் இருக்க வேண்டும். புகாரை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். வகுப்பில் சாதியைச் சொல்வது, ஒதுக்கீட்டில் வந்தவர் என்று முத்திரை குத்துவது எல்லாம் பாகுபாடு என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் ஆய்வகத்துக்குள் அனுமதித்துவிட்டு வேலை செய்ய விடாமல் சும்மா நிறுத்தி வைப்பதும் பாகுபாடு என்று இருக்கிறது. நாற்பது வயதுக்குப் பிறகுதான் அந்த வரியைப் படித்தேன். நான் மூன்று வருடம் ரீடிங் எழுதியதற்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது.

அந்த விதி ஏட்டில் கிடந்தது. ரோகித்தின் தாய் ராதிகா வெமுலாவும், மும்பையில் 2019இல் இறந்த மருத்துவர் பாயல் தட்வியின் தாய் அபேதா தட்வியும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு தாய்மார் கேட்டதன் தொடர்ச்சியாகத்தான் 2026 ஜனவரியில் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. எதிர்ப்புக் கிளம்பியது. அந்த மாதமே உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்தி வைத்து, 2012 விதிகள் தொடரும் என்றது. சரி, அந்தப் பழைய விதியையாவது நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் கேட்டுப் பெறுவோம்.

கேட்பதற்கு முன் நம் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். இந்த வருசநாட்டு மலையில் பளியர் வாழ்கிறார்கள். காட்டு மரத்தையும் தேனையும் கிழங்கையும் அவர்களைப் போல அறிந்தவர் இல்லை. தாவரவியல் வகுப்பில் அவர்கள் வீட்டுப் பிள்ளை எத்தனை பேர்? அருந்ததியருக்கு 2009இல் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபோது நம்மில் சிலர் முகம் சுளித்தோம் என்பதையும் இந்த மேடையில் மறைக்கக் கூடாது. வெளியே சமத்துவம் கேட்கிறவர்கள் வீட்டுக்குள்ளும் கேட்க வேண்டும். பெண் பிள்ளைகள் சங்கதி இன்னொன்று. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது, நல்லது. ஆனால் செய்முறை வகுப்பு சாயங்காலம் நீண்டால் மலையடிவாரத்துக்குப் போகும் பேருந்து போய்விடும். பாதிச் சோதனையில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் யார் என்று பாருங்கள். அவளை "ஆர்வமில்லாத மாணவி" என்று எழுதிவிடுகிறார்கள். பேருந்து நேரத்தைக் கேட்டுக் கால அட்டவணை போட ஒரு துறைத்தலைவருக்கு ஒரு பைசா செலவில்லை.

நாம் கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. ஒன்று, செய்முறை வகுப்பில் கூட்டாளியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு மாணவரும் தன் கையால் சோதனை செய்ததற்குப் பதிவேடு வேண்டும். இரண்டு, அகமதிப்பெண்ணும் செய்முறை மதிப்பெண்ணும் எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டப்பட வேண்டும். மூன்று, ஆராய்ச்சி வழிகாட்டி ஒதுக்கீட்டுக்கு எழுதிய விதியும் கடைசித் தேதியும் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். நான்கு, தமிழ் வழியில் வந்தவர்களுக்கு முதல் பருவத்தில் இணைப்பு வகுப்பு, கருவியைத் தொட்டுப் பழகும் வகுப்பு. ஐந்து, பாகுபாடு தடுப்பு அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் வாசலில் தெரிய வேண்டும். ஆறு, ஆசிரியர் பணியிடங்களில் நிரப்பாமல் கிடக்கும் ஒதுக்கீட்டு இடங்களின் பட்டியல் வேண்டும், மேசைக்கு அந்தப் பக்கம் நம்மில் ஒருவர் நின்றால் "எந்த ஊர்?" என்ற கேள்வியின் பொருளே வேறாகும்.

இதையெல்லாம் மாணவர்களைக் கேட்கச் சொல்லிவிட்டு நாம் கைதட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அகமதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கும்போது பதினெட்டு வயதுப் பிள்ளை எப்படிக் கேட்கும்? கேட்க வேண்டியவர்கள் நாம். 2005 தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். நம் பிள்ளைகள் படிக்கும் ஒவ்வொரு அரசுக் கல்லூரிக்கும், உதவி பெறும் கல்லூரிக்கும் ஒரு மனு போடுவோம். சமவாய்ப்பு மையம் இருக்கிறதா, அலுவலர் யார், எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது என்று நான்கு கேள்வி போதும். மனு எழுத நான் வருகிறேன். பதில்களைத் தொகுத்து அடுத்த ஆண்டு இதே நாளில் இந்த மேடையில் வாசிப்போம்.

மாணவத் தம்பி தங்கைகளுக்குக் கடைசியாக ஒன்று. திங்கட்கிழமை செய்முறை வகுப்புக்குப் போனால், ரீடிங் நோட்டைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு பியூரெட்டை நீங்கள் பிடியுங்கள். உடைந்தால் உடையட்டும். அந்தக் காசை நாங்கள் கட்டுகிறோம்.

ஜெய்பீம்.